இதோ வந்துட்டேன்

பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டில் தினமும் காலையில் நடக்கும் கூத்தைப் பார்ப்பதற்கென்றே சில தாய்மார்கள் கொஞ்சம் முன்னதாக வருகிறார்கள் என்பது பல்லழகிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? கூத்து அவளுடையது. மேடையும் அதுதான், வேறு வழியில்லை.

அவளுடைய வெள்ளைக் கோட்டின் இரண்டாவது பொத்தானை மகள் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். சுண்டுவிரலைப் பிரித்துவிட்டு ஆட்காட்டி விரலுக்கு வருவதற்குள் சுண்டுவிரல் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஆயா வந்து பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்க, பல்லழகி குனிந்து, "இதோ வந்துட்டேன்டா கண்ணா, இதோ வந்துட்டேன்!" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து ஓடுவாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வகுப்பு மிஸ்ஸின் கட்டளை. பார்க்க மாட்டாள். ஆனால் காதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட முடியாதே.

"தொண்டையா அது, ஆலைச் சங்கா?" என்பாள் ஒருத்தி.

"பெத்தவளுக்குப் பாரு, கால் தரையில பாவலை. விட்டா போதும்னு ஓடுறா," என்பாள் இன்னொருத்தி.

பல்லழகி என்பது அவள் கணவன் வைத்த பெயர். அவளுடைய சொந்தப் பல் அப்படியொன்றும் அழகில்லை. முன்வரிசையில் ஒன்று மற்றொன்றை இடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் பொக்கை வாய்களுக்குப் பல் செட் செய்து தரும் கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க மெழுகும் பிளாஸ்டர் அச்சும் பிளாஸ்டிக் திரவத்தின் காட்டமான வாடையுமாக உட்கார்ந்து, யாரோ ஒருவர் நாளைக்குக் கடிக்கப்போகிற பல்லை வரிசையாகப் பதிப்பாள். ஒரு பல் மயிரிழை உயரமாக இருந்தால் போதும், மொத்த வாயும் மூடாது. அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தேய்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளியே சொல்வார். தாமதமாக வருவதிலும் மிஞ்ச ஆளில்லை என்று அடுத்த மூச்சில் சொல்வார்.

மகளுக்கு வீட்டில் பெயர் பொத்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்தால்தான் கண்ணை மூடுவாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று, கணவன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன பேரு வேணா வைக்கட்டும். நமக்கு அவ பொத்தான்தான்," என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுடைய நூறு குற்றங்களை அவள் மன்னித்திருக்கிறாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்தக் கட்டடத்தில் யார் பாதி மாடியில் மாட்டிக்கொண்டாலும் கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டான், செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவான்.

அவன் போனால் பொத்தான் அழுவதே இல்லை. அதில் அவனுடைய அக்காவுக்கு அளவில்லாத பெருமை. கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட அந்த அண்ணிக்கு நாக்கு மட்டும் வயதாகவே இல்லை. "எந்தம்பி போறான், பிள்ளை சமர்த்தா இருக்கு. இவ போனா உலகமே இடியுது. வளர்ப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொல்வாள். பாத்திரமும் பதில் சொல்லாது, பல்லழகியும் பதில் சொல்ல மாட்டாள்.

பருவத் தேர்வுக்கு முந்தைய மாதம் தலைமை மேடம் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் வகுப்பு மிஸ் நின்றாள். இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில் பேர் வாங்கியவள், புடவை மடிப்புக்கூட இலக்கணம் தவறாமல் நிற்கும்.

"அழுதுட்டு ஓய்ஞ்சு உட்கார்ந்தாக்கூடப் பரவாயில்ல மேடம்," என்றாள் மிஸ். "மேசைக்கு அடியில பூந்து, பீரோவுக்குப் பின்னால போய், கதவைத் திறந்து திறந்து பார்க்கிறா. எங்க சந்து கிடைக்கும், ஓடிடலாம்னு. வாயில வேற கிளிப்பிள்ளையாட்டம் 'வந்துட்டா எங்க, வந்துட்டா எங்க'ன்னு. மத்த பிள்ளைங்க சிரிக்குதுங்க. மேல் தாழ்ப்பாள் போட்டு வெச்சிருக்கேன். ரொம்ப மிஞ்சினா, பிள்ளைங்க படுக்கற பாய் அடுக்கற ரூம்ல கொஞ்ச நேரம் விட்டுடறது. தானா அடங்கிடும்."

"ரூம்லயா?" என்றாள் பல்லழகி.

"லைட் போட்டுத்தாம்மா விடறோம்," என்றாள் மிஸ், பெரிய உபகாரம் போல.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பருவம் முடியறதுக்குள்ள ஒரு நாள் நானே வகுப்புல வந்து உட்காருவேன். அன்னிக்குப் பிள்ளை அமைதியா இருந்தா அடுத்த வருஷமும் இங்கயே படிக்கட்டும். இல்லைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கங்க."

"வேற இடம்னா எங்க மேடம்? எல்லா இடத்துலயும் கேட்டுட்டுத்தான் இங்க வந்தோம்."

"அதைத்தாம்மா நீங்க பார்த்துக்கணும்னு சொல்றேன்."

வேறு இடம் இல்லை. பொத்தானை உள்ளே விட்ட ஒரே கேட் இதுதான். இதுவும் மூடிவிட்டால் அவளுக்கு வகுப்பில்லை, மணியில்லை, அவள் ஆசையாக அடுக்கி வைக்கும் மரக்கட்டைகள் இல்லை. அண்ணியின் நாக்குக்கும் நான்கு சுவருக்கும் நடுவில்தான் வாழ்க்கை.

அந்த வாரமே ஒரு விடுமுறை நாளில் பல்லழகி தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. அண்ணி அசைய மாட்டாள் என்று தெரியும். குளியலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "இதோ வந்துட்டேன்!"

கூடத்தில் பாட்டில் மூடிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த பொத்தான் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். கதவுக்கு முன்னால் வெறும் தரையைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். செருப்பு அலமாரியை இழுத்துப் பார்த்தாள். குப்புறப் படுத்து நாற்காலிக்கு அடியில் பார்த்தாள்.

"வந்துட்டா. எங்க? வந்துட்டா. எங்க?" நெற்றியில் முஷ்டியால் குத்திக்கொள்ளத் தொடங்கினாள்.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் அண்ணி டீவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

சோப்பு நுரையோடு ஓடிவந்த பல்லழகி கூடத்தின் நடுவில் அப்படியே நின்றாள். நாற்காலிக்கு அடியில் மகளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. பிள்ளை தப்பித்து ஓட வழி தேடவில்லை. அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா வந்துவிட்டதாக அம்மாவே சொன்னாளே! வந்துவிட்டவள் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? கதவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், பாய் அடுக்கும் அறையில்.

ஒவ்வொரு நாளும் காலையில் போகிற போக்கில் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு பிள்ளையை ஒளிந்து விளையாடச் சொல்லிவிட்டு, ஒளிந்தவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் கணவனிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான். "அடிப்பாவி, 'வந்துட்டேன்'ன்னா வரப்போறேன்னுதானே அர்த்தம்? ஊரே அப்படித்தானே பேசுது?"

"நீங்கதான் அதுக்கு வாத்தியார். கல்யாணத்துக்கு முன்னாடி தியேட்டர் வாசல்ல என்னைக் காயவெச்சீங்களே. நீங்க 'வந்துட்டேன்'ன்னா சட்டையைத் தேடறீங்கன்னு அர்த்தம். 'பக்கத்துல வந்துட்டேன்'ன்னா வீட்டைப் பூட்டறீங்கன்னு அர்த்தம்."

"புரிஞ்சுதானே கழுத்தை நீட்டினே?"

"எனக்குப் புரிஞ்சுது. அவளுக்கு எப்படிங்க புரியும்? அவ நாம சொல்றதை அப்படியே நம்பறா."

சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கிப் போனது. "அப்போ நான் போனா அவ அழாதது..."

"நீங்க ஒண்ணுமே சொல்லாமப் போறீங்க. இந்த வீட்டுல அவகிட்டப் பொய் சொல்லாத ஒரே ஆள் நீங்கதான்."

"நம்ம கல்யாணத்துல எனக்குக் கிடைச்ச முதல் பட்டம்," என்றான் அவன். ஆனால் அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை.

உயரமான பல் எதுவென்று தெரிந்துவிட்டது, இனித் தேய்ப்பதுதான் வேலை. சமையலறைக்குப் போகும்போது, "அம்மா போறேன். குழாயை மூடிட்டு வருவேன்," என்பாள். மூடிவிட்டு வருவாள். குழாயை மூடினால் வேறு எதையும் தொடாமல் வருவாள். சொன்னது குழாய் என்றால் குழாய்தான். பிறகு மாடிப்படிவரை. பிறகு தெருமுனைக் கடைவரை. பொத்தான் ஒவ்வொரு முறையும் வாசற்படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொன்னபடி ஆள் வந்து நின்றால் அவளுடைய தோள் மெதுவாகக் கீழே இறங்கும்.

அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. "வாயைக் கழுவு முதல்ல! 'போறேன்'னு யாராவது சொல்வாங்களா? போறவ திரும்பி வர வேணாமா?"

"அதான் வருவேன்னும் சேர்த்துச் சொல்றேனே அண்ணி."

"என் வீட்டுக்காரரு 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் போனாரு," என்றாள் அண்ணி, அவளைப் பார்க்காமல். அதற்குமேல் அந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

புத்தகப் பையின் உட்பக்கம் படங்கள் ஒட்டினாள்: ஒரு வெள்ளைக் கோட்டு போகிறது, ஒரு தட்டு, ஒரு பாய், ஒரு மணி, கடைசியில் கேட்டுக்குப் பக்கத்தில் அதே கோட்டு. சீருடைப் பையின் உள்ளே, விழுங்கிவிட முடியாதபடி, கோட்டின் மாற்றுப் பொத்தான் ஒன்றை இறுக்கித் தைத்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூட கேட்டில் குனிந்து, அங்கே முதன்முதலாக உண்மையைச் சொன்னாள். "அம்மா போறேன். பல் கூடத்துக்கு. மணி அடிச்சதும் கேட்டுக்கிட்ட நிப்பேன்."

பொத்தான் அவளுடைய உதட்டையே பார்த்தாள். "போறேன்," என்றாள். பிறகு, "மணி. நிப்பேன்." விரல்கள் தாமாகவே பொத்தானை விட்டன. சீருடைப் பைக்குள் கையை நுழைத்துக்கொண்டு உள்ளே நடந்துபோனாள், திரும்பிப் பார்க்காமல்.

கூத்துப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். பல்லழகி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அழுதாள். தனக்காக இன்றைக்கு யாரும் அழவில்லை என்பதற்கும் சேர்த்து.

அதன் பிறகு எல்லா நாளும் அப்படியே நடந்தது. சாயங்காலம் கிளம்பும்போது பொத்தான் புதிதாக ஒன்று செய்யத் தொடங்கினாள். கேட்டின் கம்பியைத் தொட்டு, கேட்டிடமே சொல்வாள்: "போறேன். நாளைக்கு வருவேன்." சொன்னபடி மறுநாள் வந்து முதல் வேலையாக அந்தக் கம்பியைத் தொடுவாள். வாக்குக் கொடுத்தவள் காப்பாற்ற வேண்டாமா?

"என்னம்மா மருந்து குடுத்தீங்க?" என்று மிஸ் கேட்டாள்.

பல்லழகி சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னாள். "ஒரே ஒரு உதவி மிஸ். நான் இல்லாதப்போ 'அம்மா வந்துட்டாங்க'ன்னு மட்டும் பேச்சுக்குக்கூடச் சொல்லிடாதீங்க."

"ஓஹோ. பிள்ளைக்கு இலக்கணம் தெரியலைன்னு சொல்லுங்க."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சந்தோஷம் வந்தால் நாக்கு கட்டவிழ்ந்துவிடும். "அவளுக்குத்தான் மிஸ் சரியாத் தெரியுது. இறந்தகாலம் எது எதிர்காலம் எதுன்னு நமக்குத்தான் தெரியலை."

பக்கத்தில் நின்ற இரண்டு தாய்மார்கள் களுக்கென்று சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது.

மேடம் வகுப்பில் வந்து உட்கார்ந்த அன்று, பல்லழகி ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. போன் வந்தது. "உடனே கிளம்பி வாங்க" என்றது பள்ளிக்கூட அலுவலகக் குரல்.

"இதோ வந்துட்டேன் சார்," என்றாள் அவள். கையில் மெழுகு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மேடத்தின் அறைக் கதவைத் திறந்தபோது பொத்தான் ஒரு மூலையில், அழுது ஓய்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். நெற்றி வீங்கியிருந்தது. மிஸ் முன்கையை நீட்டி வைத்திருந்தாள். அதில் பல் பதிந்திருந்தது. மேல் வரிசை, கீழ் வரிசை, போன வாரம் விழுந்த முன்பல்லின் இடைவெளிகூட அப்படியே. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமான அச்சு பல்லழகிக்குக் கிடைத்ததில்லை. அந்த நேரத்திலும் அது கண்ணில் பட்டதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பதறிப்போய் மகளிடம் குனிந்தாள். வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "கண்ணா, அம்மா வந்துட்டேன்டா!"

பொத்தான் தலையைத் தூக்கினாள். எழுந்தாள். அம்மாவைத் தாண்டி நடந்துபோய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். மேடத்தின் மேசைக்கு அடியில் நுழைந்தாள். "வந்துட்டா. எங்க? வந்துட்டா. எங்க?"

எதிரே நிற்கிற அம்மாவை அவள் பார்க்கவே இல்லை. அந்த வார்த்தை கேட்டால் அம்மா இருக்க மாட்டாள், தேட வேண்டும். அவளுக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"பார்த்தீங்களா மேடம்?" என்றாள் மிஸ். "அதே வார்த்தை. நான் சொன்னப்போ என்ன பண்ணினாளோ அதையேதான் இப்பவும் பண்றா."

"நீங்க சொன்னீங்களா?"

"காலையிலேர்ந்து சமர்த்தாத்தான் இருந்தா. மேடமே அசந்து போயிட்டாங்க. அப்போதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துது. நிஜமாவே அந்த வார்த்தையிலதான் விஷயம் இருக்கான்னு பார்க்கலாமேன்னு, 'அம்மா வந்துட்டாங்க பாரு'ன்னேன்." மிஸ் கடிபட்ட இடத்தை ஊதிக்கொண்டாள். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிம்மா. உங்க இலக்கணம்தான் ஜெயிச்சுது."

பல்லழகி மேடத்தைப் பார்த்தாள். "வேணும்னே பண்ணியிருக்காங்க மேடம். சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்."

"அதாம்மா நானும் சொல்றேன்," மேடத்தின் குரல் மிகவும் இதமாக இருந்தது. "உங்க கண்டுபிடிப்பு சரி. நானே கண்ணால பார்த்துட்டேன். ஆனா இங்க வாட்ச்மேன்லேர்ந்து என் வரைக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'வந்துட்டேன்', 'வந்துட்டாங்க'ன்னு சொல்றோம்? ஒரு பிள்ளைக்காக எல்லாரும் வாயைக் கட்டிக்க முடியுமா? நாளையிலேர்ந்து அனுப்பாதீங்க. இப்போ கூட்டிட்டுப் போங்க."

மேசைக்கு அடியில் நெற்றி மரத்தில் மோதும் சத்தம் கேட்டது.

பல்லழகி தரையில் மண்டியிட்டாள். வெள்ளைக் கோட்டோடு மேடத்தின் மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

"என்னம்மா இது? கால் மேல படறீங்க!" என்றார் மேடம் மேலிருந்து. மிஸ் சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

உள்ளே அவள் ஒன்றும் பேசவில்லை. மகள் தேடுகிற இடத்தில் போய் இருந்துகொண்டாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சின்ன விரல்கள் கோட்டைத் தடவி இரண்டாவது பொத்தானைக் கண்டுபிடித்தன. மூச்சு மெதுவாகச் சீரானது. பிறகு பொத்தான் நெற்றியைச் சுருக்கினாள்.

"மணி அடிக்கல," என்றாள்.

ஆமாம், அடிக்கவில்லை. மணி அடித்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன் என்றுதானே காலையில் சொன்னாள்? "அடிக்கலடா. அம்மா இப்போ போறேன். மணி அடிச்சதும் கேட்டுக்கிட்ட நிப்பேன்."

விரல்கள் விட்டன.

"எங்க போறீங்க? பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன்!" என்று மேடம் எழுந்தார்.

"மணி அடிச்சதும் மேடம். அதுவரைக்கும் அவ இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை."

வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றாள். பிள்ளைகளை அழைத்துப் போக வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். யாரோ விஷயம் என்னவென்று கேட்டார்கள், யாரோ சொன்னார்கள். "கடிச்சுட்டாளாமே" என்ற பேச்சு அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மணி அடித்தது. பொத்தான் வந்தாள், வீங்கிய நெற்றியோடு, கையைச் சீருடைப் பைக்குள் விட்டுக்கொண்டு. பின்னால் ஆயா, புத்தகப் பையையும் பாயையும் தட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து, முகத்தைப் பார்க்காமல் பல்லழகியின் கையில் திணித்தாள்.

பொத்தான் அம்மாவைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள்.

"அம்மா வந்துட்டா," என்றாள். தேடவில்லை.

பிறகு வழக்கம் போலத் திரும்பி, கேட்டின் கம்பியைத் தொட்டாள். "போறேன். நாளைக்கு வருவேன்."

சரிடா கண்ணா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வாள். பல்லழகிக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நாளைக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கப்போகிறவளை நினைத்தாள். குனிந்தாள். தன் கோட்டுப் பொத்தானை மகளின் விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இல்லடா," என்றாள். "நாளைக்கு வரமாட்டோம். இனிமே இங்க வரமாட்டோம்."

பொத்தான் அவளுடைய உதட்டையே பார்த்தாள், அது முடிந்துவிட்டதா, இன்னும் ஏதாவது வருமா என்று. ஒன்றும் வரவில்லை. மறுபடி கம்பியைத் தொட்டாள்.

"போறேன்," என்றாள் கேட்டிடம். அதோடு நிறுத்திக்கொண்டாள்.